வாளைத் தடுத்த வாய்ச்சொல்
(சங்கப் புலவர்களின் சமாதானத் தூது)

முன்னுரை

ஏழு மலை தாண்டி, ஏழு கடல் தாண்டிச் செல்லும் இளவரசர் கதைகளை நாம் பாட்டியின் மடியில் கிடந்து கேட்டிருக்கிறோம். பகைகொண்ட இரு நாடுகள் இருக்கும். ஒரு மாய மோதிரமோ மந்திரக்கோலோ கிடைத்தால் போர் ஓயும் என்று ஒரு முனிவர் சொல்வார். இளவரசன் புறப்படுவான், அரக்கனை வெல்வான், பொருளோடு திரும்புவான். முரசு ஓயும், மணவிழா நடக்கும், கதை முடியும்.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் உண்மையான நாடுகளுக்கு நடுவே உண்மையான போர் மூண்டபோது, அதைத் தடுக்கப் போனவர்கள் யார்? எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, இலக்கிய மன்றத்திற்காக நாங்கள் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றைச் சேர்ந்து படித்தோம். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகத்தில், மாய மோதிரம் ஏதுமின்றி, வெறும் சொல்லை மட்டும் நம்பிப் பகையரசரின் வாயிலில் போய் நின்ற சிலரை அங்கே கண்டோம். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

போருக்குப் பெயர் பல

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய புறநானூறு, பல புலவர்கள் பல காலங்களில் பாடிய 400 பாடல்களின் தொகுப்பு. ஓலைச்சுவடிகளில் உறங்கிக் கிடந்த இந்நூலை டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அக்காலத் தமிழகத்தைச் சேர, சோழ, பாண்டியர் என்னும் மூவேந்தரும், அவர்களுக்கு இடையிடையே வேளிர் முதலிய குறுநில மன்னர்களும் ஆண்டனர். அவர்களுக்குள் போர் ஓயவே இல்லை.

போரின் ஒவ்வொரு கட்டத்திற்கும் நம் முன்னோர் ஒரு பூவின் பெயரைச் சூட்டினர். பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. மண்ணைக் கைப்பற்றப் படையெடுப்பது வஞ்சி. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை. உள்ளிருந்து காப்பது நொச்சி. களத்தில் எதிர்நின்று பொருவது தும்பை. வென்று மகிழ்வது வாகை. போருக்கு இத்தனை பெயரா என்று நாம் வியக்கிறோம்.

ஆனால் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மண்ணாசையைப் பாடும் அந்த வஞ்சித் திணைக்குள்ளேயே 'துணைவஞ்சி' என்று ஒரு துறையை வகுத்திருக்கிறார்கள். வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்கும் ஒருவனிடம் சென்று, எடுத்துச் சொல்லி, அவனை அமைதிப்படுத்துவதே அத்துறையின் பொருள். இதனைச் 'சந்து செய்தல்' என்பர். போரைப் பாடப் பெயர் வைத்தவர்கள், போரைத் தடுக்கும் பாட்டுக்கும் பெயர் வைத்தார்கள் என்றால், அப்படிப்பட்ட பாட்டுகள் ஒன்றிரண்டு மட்டும் பிறக்கவில்லை என்பது தெளிவு.

திருவள்ளுவரும் பொருட்பாலில் 69ஆம் அதிகாரத்தைத் தூதுக்கே ஒதுக்கியிருக்கிறார். அன்பும், அறிவும், ஆராய்ந்து பேசும் திறமும் தூதனுக்கு இன்றியமையாதவை என்கிறார். தன் உயிருக்கே முடிவு வந்தாலும் பின்வாங்காதவன்தான் தூதன் என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். அரண்மனைக்குள் நுழைந்த தூதன் உயிரோடு திரும்புவான் என்ற உறுதி அந்நாளில் இல்லை என்பதை இதனால் உணரலாம்.

படைக்கொட்டிலில் ஒரு பெண்

தூது சென்றவர்களுள் நம் மனத்தில் முதலில் நிற்பவர் ஔவையார். ஆத்திசூடி பாடிய ஔவையார் பிற்காலத்தவர். இவரோ சங்க காலத்தவர். இவர் பாடியனவாக 59 பாடல்கள் கிடைக்கின்றன. அவற்றுள் 33 பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

இவரைப் போற்றிய வள்ளல் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து பெற்ற, வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த கதை நாம் அனைவரும் அறிந்ததே. அதியமான் புலவர்களின் கற்பனைப் பாத்திரம் அல்லன். திருக்கோவிலூருக்கு அருகில் உள்ள ஜம்பை என்னும் ஊரில் 1981ஆம் ஆண்டில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி ஓர் உறைவிடத்தைத் தானமாக அளித்த செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாட்டில் வாழ்ந்தவன் கல்லிலும் வாழ்கிறான்.

இந்த அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை மூண்டது. அதியமான் ஔவையைத் தூதாக அனுப்பினான். தொண்டைமான் ஔவையை வரவேற்று, தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். 'என் வலிமையைப் பார்த்துப் போய் உன் அரசனிடம் சொல்' என்பதே அதன் குறிப்பு. அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் வரிசையாக நின்றன.

ஔவை அவற்றை நன்றாகப் பார்த்தார். அழகாக இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். பிறகு அதியமானின் வேல்களைப் பற்றிச் சொன்னார்: அவை பகைவரைக் குத்திக் குத்தி முனை ஒடிந்து, விளிம்பு சிதைந்து, எந்நேரமும் கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன, பாவம்! இவ்வளவே. மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் புகழ், அதியமானுக்குப் பழி. உட்பொருளை நோக்கினால் நேர்மாறு. உன் படை போர் கண்டதில்லை. அவன் படை போரிலேயே தேய்ந்தது என்பதே செய்தி. இதுவே வஞ்சப் புகழ்ச்சி. இலக்கணப் பாடத்தில் நாம் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் இந்த அணி, ஒரு காலத்தில் ஒரு போரின் வாயிலில் நின்றது என்பதை எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது.

இப்பாடலைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. "இது மிரட்டல் அல்லவா? மிரட்டலைச் சமாதானம் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. ஔவை அதியமானின் வீரத்தையும் பாடியவர்தாம். அவன் கோவலூரைப் போரில் அழித்த செய்தியும் அவர் பாட்டிலேயே இருக்கிறது. ஆயினும் அந்தப் படைக்கொட்டிலில் அவர் செய்ததைக் கூர்ந்து நோக்குவோம். பூவும் பீலியும் சூடிய வேலைத் தினமும் பார்ப்பவனுக்குப் போர் ஒரு திருவிழாவாகத் தோன்றும். ஒடிந்த வேலைப் பார்த்தவனுக்கே போர் இன்னதென்று தெரியும். அலங்காரத்தை விலக்கி, அடியில் உள்ளதை அவனுக்குக் காட்டினார் ஔவை.

மற்றொன்றும் உண்டு. அப்பாடலின் முடிவில் அவர் ஆயுதத்தை விட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுகிறார். செல்வம் இருக்கும்போது பிறர்க்கு உணவளிப்பவன், இல்லாதபோது உள்ளதைப் பிறரோடு பகிர்ந்து உண்பவன், வறியோரின் சுற்றத்துக்குத் தலைவன் என்று அதியமானை அறிமுகப்படுத்துகிறார். வேல்கள் நிறைந்த மாளிகையில் சோறு எதற்கு? ஓர் அரசனை அளக்க வேண்டிய அளவுகோல் எது என்பதைச் சொல்லத்தான். 'இப்படிப்பட்டவனையா அழிக்கப் போகிறாய்?' என்ற கேள்வி சொல்லாமலே எழுகிறது.

இரண்டும் ஆத்தி மாலை

அடுத்துக் கோவூர்கிழாரைக் காண்போம். இவர் காலத்தில் சோழர் குடிக்குள்ளேயே பகை மூண்டது. நலங்கிள்ளி ஒருபுறம், நெடுங்கிள்ளி மறுபுறம்.

முதலில் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் இருந்து கதவை அடைத்துக்கொண்டான். நலங்கிள்ளியின் படை வெளியே முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்தவர் பட்ட பாட்டைக் கோவூர்கிழார் நெடுங்கிள்ளியிடமே எடுத்துரைத்தார். யானைகள் நீராட இடமின்றி, நெய் கலந்த கவளமின்றிப் பிளிறுகின்றன; பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன; பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகின்றனர்; நீரில்லாத வீடுகளில் வருந்திக் கூவும் ஒலி கேட்கிறது. இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி உள்ளே இருக்கிறாய்? அறவழி நிற்பாயானால் நகரை அவனுக்குத் தந்து கதவைத் திற. மறவழி நிற்பாயானால் போரிடக் கதவைத் திற. இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு கிடப்பது வெட்கம் என்றார். முற்றுகையின் கணக்கை மன்னர்கள் படைத்தொகையால் போடுவார்கள். இப்புலவரோ பாலும் பூவும் தண்ணீரும் கொண்டு கணக்கிட்டார்.

மற்றொரு முறை நெடுங்கிள்ளி உறையூருக்குள் இருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டான். இம்முறை புலவர் இருவரையும் நோக்கிப் பேசினார். சேரர்க்குப் பனம்பூ மாலை. பாண்டியர்க்கு வேப்பம்பூ மாலை. சோழர்க்கு ஆத்தி மாலை என்பது நாம் அறிந்தது. எதிரே நிற்பவன் பனம்பூவும் சூடவில்லை, வேம்பும் சூடவில்லை. உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி என்று காட்டினார். உங்களுள் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இருவரும் வெல்வதோ நடவாத செயல். ஆகவே இப்போர் உங்களைப் போன்ற மற்ற அரசர்களுக்குத்தான் மகிழ்ச்சி தரும் என்றார். எவ்வளவு எளிய வாதம்! கழுத்தில் கிடந்த பூவையே சான்றாக எடுத்துக்கொண்டார்.

இப்பகையின் நடுவே இளந்தத்தன் என்னும் புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தார். ஒற்றன் என்று ஐயுற்ற நெடுங்கிள்ளி அவரைக் கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் குறுக்கே நின்றார். புலவர்கள் பறவைகளைப் போல நெடுவழி கடந்து வள்ளல்களைத் தேடிச் செல்பவர்கள். கிடைத்ததை உண்டு, சுற்றத்துக்கும் ஊட்டி வாழ்பவர்கள். கல்வியால் வெல்வதன்றிப் பிறர்க்குத் தீங்கு நினைக்க அறியாதவர்கள் என்று எடுத்துக் கூறி அவர் உயிரை மீட்டார்.

யானையின் முன் குழந்தைகள்

நாங்கள் படித்தவற்றுள் எங்களை மிகவும் கலங்கச் செய்தது புறநானூற்றின் 46ஆம் பாடல். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறு குழந்தைகளைப் பிடித்து, யானையின் காலில் இடறிக் கொல்ல ஏற்பாடு செய்தான். தந்தை மேல் இருந்த கோபத்துக்குப் பிள்ளைகள் பலி.

அங்கும் கோவூர்கிழார் போனார். முதலில் அரசனுக்கு அவன் குலத்தை நினைவூட்டினார். ஒரு புறாவின் துயரைப் போக்கத் தன் தசையையே அரிந்து தந்த சிபியின் வழியில் வந்தவன் அல்லவா நீ? பிறகு குழந்தைகளின் குலத்தைச் சொன்னார். புலவரின் வறுமை கண்டு அஞ்சி, உள்ளதைப் பகிர்ந்து உண்ணும் குடியில் பிறந்தவர்கள் இவர்கள். கடைசியாகக் குழந்தைகளையே பார்க்கச் சொன்னார். அழுதுகொண்டிருந்த அவர்கள், யானையைக் கண்டதும் வியப்பில் அழுகையை மறந்துவிட்டார்கள். பழக்கமில்லாத மன்றத்தை மிரண்டு நோக்குகிறார்கள். தங்களைக் கொல்ல நிற்பது எது என்றுகூட அறியாத வயது! இவ்வளவும் சொல்லிவிட்டு, கேட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று முடித்துக்கொண்டார்.

அவர் கெஞ்சவும் இல்லை, சபிக்கவும் இல்லை. அரசன் காணாத ஒன்றைக் காணச் செய்தார். பகைவனின் வாரிசுகள் என்று மட்டுமே எண்ணியிருந்தவனுக்கு, அவர்கள் குழந்தைகள் என்று புரிந்தது. புலவர் பாடி அவர்களை உய்வித்தார் என்று அப்பாடலின் அடிக்குறிப்பு கூறுகிறது.

தந்தையும் மைந்தரும்

கோப்பெருஞ்சோழன் தன் மைந்தர் இருவர் மேலேயே போருக்குப் புறப்பட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் அவனைத் தடுத்தார். நீ இறந்தபின் இந்நாடு யாருக்கு? அவர்களுக்குத்தானே! நீ அவர்களை வென்றால் உன் செல்வத்தை யாரிடம் விட்டுச் செல்வாய்? நீ தோற்றாலோ உன்னை இகழ்பவர்க்கு அது கொண்டாட்டமாகும் என்றார். வெற்றி தோல்வி இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்து, இரண்டிலும் இழப்பவன் நீயே என்று காட்டினார். அரசன் போரைக் கைவிட்டான். பின்னர் வடக்கிருந்து உயிர் நீத்தான். மைந்தரின் குருதி அவன் கையில் படியவில்லை.

உறையூர்ப் பாடலும், இளந்தத்தனைக் காத்த பாடலும், குழந்தைகளைக் காத்த பாடலும், இப்பாடலும் ஆகிய நான்கும் துணைவஞ்சித் துறையைச் சேர்ந்தவை.

தூது வென்றதா?

இவ்விடத்தில் உண்மையை மறைக்கலாகாது. எல்லாத் தூதும் வெல்லவில்லை. நெடுங்கிள்ளிக்கு இலக்கியம் தந்த பெயர் 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' என்பது. காரியாற்றில் அவன் மாண்டான். ஆத்தி மாலையைக் காட்டிச் சொன்ன அறிவுரை அக்குடியின் பகையை முற்றிலும் தீர்க்கவில்லை. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையின் அதியமானும் போரிலேதான் முடிந்தான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். அதியமானின் மார்பைத் துளைத்த வேல், இரப்பவர் கையையும் பாணர் பாத்திரத்தையும் புலவர் நாவையும் சேர்த்துத் துளைத்ததாக ஔவை அழுது பாடிய பாட்டும் அதே புறநானூற்றில்தான் இருக்கிறது.

அப்படியானால் அவர்கள் முயற்சி வீணா? இல்லை என்பதே எங்கள் முடிவு. மலையமானின் குழந்தைகள் பிழைத்தார்கள். இளந்தத்தன் பிழைத்தார். ஒரு தந்தை மைந்தரைக் கொல்லாமல் இறந்தார். கதையில் வரும் மந்திரக்கோல் ஒரே வீச்சில் எல்லாப் போரையும் நிறுத்திவிடும். சொல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. அது ஓர் உயிரை, ஒரு நாளை, ஒரு வீட்டைக் காக்கும். காக்கப்பட்ட அந்த ஓர் உயிருக்கு அதுவே உலகம்.

நாம் கற்பவை

இப்பாடல்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, அவர்கள் வலியவனிடமே நேரில் சென்று பேசினார்கள். முதுகுக்குப் பின்னால் பேசவில்லை.

இரண்டாவது, எதிரே இருப்பவன் எதைப் பெரிதாக மதிக்கிறானோ அதைக் கொண்டே பேசினார்கள். ஒருவனிடம் குலப்பெருமை, ஒருவனிடம் குடிகளின் துயர், ஒருவனிடம் பெற்ற பாசம்.

மூன்றாவது, பணிவாகப் பேசினார்கள். ஆனால் பொய் பேசவில்லை. வெட்கம் என்பதை வெட்கம் என்றே சொன்னார்கள்.

நான்காவது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு முடிவைக் கேட்டவன் மனச்சான்றிடம் விட்டார்கள்.

இவை அரசவைக்கு மட்டும் உரியன அல்ல. வகுப்பில் இரு தோழியர் பேசாமல் இருக்கும்போதும், விடுதியில் இரு குழுக்களாகப் பிரிந்து உண்ணும்போதும், வீட்டில் பாகப்பிரிவினையால் சித்தப்பாவும் அப்பாவும் முகம் திருப்பிக்கொள்ளும்போதும், இடையில் சொல் கொண்டு போகிறவர் யாரேனும் இருப்பார். கோள் சொல்பவரும் ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்துக்குக் கொண்டு போகிறார்; தூது செல்பவரும் அதையேதான் செய்கிறார். கால் நடப்பது ஒரே வழி, மனம்தான் வேறு. சோழன் திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒருங்கே வீற்றிருக்கக் கண்ட காரிக்கண்ணனார் என்னும் புலவர், உங்களைப் பிரிக்க நினைப்பவர் சொல்லுக்குச் செவி கொடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். சேர்த்து வைப்பதைப் போலவே, சேர்ந்ததைக் காப்பதும் கடினம் என்று அவர் அறிந்திருந்தார்.

முடிவுரை

ஔவையின் கண்கள் போரை மட்டும் காணவில்லை. ஒரு நாள் சேரமான் மாரிவெண்கோவும், பாண்டியன் உக்கிரப்பெருவழுதியும், சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் ஒரே இடத்தில் கூடியிருந்ததை அவர் கண்டார். ஆளும் நாடு உங்களோடு கூட வராது, நீங்கள் செய்த நல்வினை ஒன்றே உங்களுக்குத் தெப்பமாகும் என்று மூவருக்கும் சொன்னார். பின்னர், வானத்து மீன்களையும் மழைத்துளிகளையும் விட மிகுதியான நாள்கள் நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்தினார். போர்க்களத்துக்குக் குறுக்கே நடந்து தேய்ந்த கால்களுக்கு அந்த ஒரு நாளின் காட்சி எவ்வளவு பெரிய பரிசாக இருந்திருக்கும்!

மாய மோதிரத்தைத் தேடி நாம் ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. காலம் அறிந்து, இடம் அறிந்து, அன்போடும் அஞ்சாமையோடும் சொல்லப்படும் சொல் நம் நாவிலேயே இருக்கிறது. பிரிந்தவரைச் சேர்க்க அதனைப் பயன்படுத்துவோம். துணைவஞ்சி பாடியவர்களின் வழியில் நாமும் நடப்போம்.